ஹெட்மாஸ்டர் குடிக்காத மோர்

அன்றைக்கு எங்கள் வாசலில் இருந்தவர்கள் ஏழு பேர். கயிற்றுக் கட்டிலில் அப்பா. அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு அம்மா. நடக்கத் தெரிந்த பிறகும் அம்மாவின் இடுப்பை விட்டு இறங்காத தம்பி. பூவரச மரத்தடியில் முறத்தைப் போட்டுப் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அத்தை. ஹெட்மாஸ்டர். அவருக்கு இரண்டடி பின்னால் சைக்கிளைப் பிடித்தபடி பியூன் அண்ணன். ஏழாவது ஆள் நான். தளும்பத் தளும்ப மோர் இருந்த லோட்டாவைப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் நடுவில் நின்றேன்.

வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அன்றைக்கு நடந்ததைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னவர்கள் ஊரில் நிறையப் பேர். பெரியப்பா கம்பைத் தூக்கிக்கொண்டு வந்தார் என்றுகூட ஒரு கதை உண்டு. பெரியப்பா அந்தப் பக்கமே வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

ஹெட்மாஸ்டரைப் பற்றி ஆளுக்கு ஒன்று எழுதித் தர வேண்டும், சேர்த்து அச்சடிக்கப் போகிறோம் என்று நீங்கள் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. உங்களில் வாத்தியார் வேலை பார்த்தவர்கள் இருக்கிறீர்கள். பேங்கில் இருந்தவர்கள் இருக்கிறீர்கள். நான் ஒன்பதாவதோடு நின்றவள். பழைய மாணவி என்று என்னைச் சொல்லலாமா என்பதே எனக்குச் சந்தேகம். வேண்டாம் என்று சொல்லலாம் என்று போனை எடுத்தேன். தப்பாக நினைப்பீர்களோ என்று வைத்துவிட்டேன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

அவர் எப்படி இருப்பார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் பார்த்தது பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டரை. நான் அவரை வீட்டில் பார்த்தவள். தினமும் காலையில் அவர் வீட்டுக்குப் பால் கொண்டுபோனது நான்தான். இரண்டு உழக்குப் பால், மூடி போட்ட தூக்குவாளியில். வாய்க்கால் கரையோடு போனால் பாலம் தாண்டி மூன்றாவது வீடு. அந்த நேரத்தில் பனியனும் வேட்டியுமாக ஸ்டூலில் உட்கார்ந்து தன் செருப்புக்குத் தானே எண்ணெய் தடவிக்கொண்டிருப்பார். "என்ன தாயி, மாடு என்ன சொல்லுது?" என்பார். தினமும் அதே கேள்விதான். நான் தினமும் பதில் சொல்லத் தெரியாமல் விழிப்பேன். சாரோட வீட்டம்மா பாலை ஊற்றிக்கொண்டு வாளியைக் கழுவித் தருவார். சில நாள் கழுவிய வாளிக்குள் ஒரு முறுக்கு கிடக்கும். வழியில் மூடியைத் திறந்தால்தான் தெரியும். திறக்கும்போது பால் வாசனையும் எள்ளு வாசனையும் சேர்ந்து வரும்.

சாயங்காலம் அவர் பள்ளிக்கூடத்திலிருந்து நடந்து திரும்பும்போது எங்கள் வீடு பாதிவழி. வாசலில் நிற்பார். உட்கார மாட்டார். அம்மா மோரைக் கரைத்து, கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு, வெண்கல லோட்டாவில் கொடுத்து விடுவாள். விளிம்பில் ஒரு நெளிவு உள்ள லோட்டா அது. அந்த நெளிவு இருக்கிற பக்கத்தைத் தள்ளித் திருப்பிக்கொண்டு, அண்ணாந்து, ஒரே மூச்சில் குடிப்பார். தொண்டையில் உருண்டை ஏறி இறங்குவதைத் தம்பி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பான். குடித்துவிட்டுத் துண்டால் மீசையைத் துடைப்பார். "வாரேன்யா" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுக் குடையை விரிப்பார். இவ்வளவுதான். ஆனால் அப்பாவுக்கு அதில் இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. டீக்கடையில் உட்கார்ந்து, "எச்செம்மு நம்ம வீட்ல மோர் குடிக்காம வீட்டுக்குப் போக மாட்டாருய்யா" என்பார்.

பள்ளிக்கூடத்துக்கு மட்டும் அவர் ஹெட்மாஸ்டர் இல்லை. பெண்பிள்ளைகள் எட்டாவது முடிந்ததும் களை எடுக்கப் போய்விடுகிற ஊர் நம்முடையது. வயலுக்குள்ளேயே இறங்கி, வரப்பில் நின்று, "இந்தப் புள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன், கூலிய எங்கிட்ட வாங்கிக்க" என்று சொன்னவர் அவர். பஸ்ஸை நம் ஊர் விலக்கில் நிற்க வைத்தவர் அவர். மாட்டுப் பொங்கலுக்கு யார் காளை முதலில் என்று அலங்காநல்லூர் வரைக்கும் போன சண்டையைப் பேசி முடித்தவரும் அவர்தான். தென்னை மரம் யார் எல்லையில் சாய்ந்தது, யார் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், எல்லாம் அவர் வீட்டு வாசலுக்கு வரும், அங்கேயே ஒரே நாளில் பேசி முடித்துவிடுவார். அவர் சொந்த ஊர் கொட்டாம்பட்டிப் பக்கம். நம் ஊரில் அவருக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது, சொந்தபந்தம் கிடையாது. அதனால்தான் அவர் சொன்னால் எடுபட்டது என்று நினைக்கிறேன். அதனால்தான் இப்படியும் ஆனது.

எங்கள் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுவாக ஒரு கிணறு. ஒரு மோட்டார். அப்பாவுக்கு ஒருநாள் தண்ணீர், பெரியப்பாவுக்கு ஒருநாள். முந்தின வருஷம் கிணறு வற்றியபோது பெரியப்பா தன் கைக்காசைப் போட்டு ஆழப்படுத்தினார். பிறகு கரும்பு போட்டார். கரும்புக்குத் தண்ணீர் பத்தவில்லை. "வெட்டுன காசு எங்காசு. எனக்கு ரெண்டு நாள், ஒனக்கு ஒருநாள்" என்றார். "கெணறு நம்ம ரெண்டு பேருக்கும் அப்பன் வச்சது. கத்தரிச் செடி கருகுது, நீ பங்குக்கு வாரியா?" என்றார் அப்பா. பேச்சு நின்றது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த படலைப் பெரியப்பா கயிறு போட்டுக் கட்டினார். நான் பெரியம்மாவைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போனேன். பெரியம்மாவும் அப்படியே போனாள்.

கோடை விடுமுறை தொடங்கின சமயத்தில் இரண்டு பேரும் தனித்தனியாகப் போய் ஹெட்மாஸ்டரிடம் சொன்னார்கள். "நீங்க சொல்றதுதான் முடிவு" என்று இரண்டு பேரும் சொன்னதாகக் கேள்வி. "பள்ளிக்கூடம் தொறந்த ஒடனே சொல்லிர்றேன். அதுவரைக்கும் பழையபடி ஆளுக்கு ஒருநாளே எறைங்க" என்றிருக்கிறார்.

அப்பா போய்ச் சொன்ன அன்று சாயங்காலமே வந்தார். அப்போதும் வாசலில்தான் நின்றார். நான் லோட்டாவை நீட்டினேன். நீட்டின கையைப் பார்த்தார்.

"வேணாம் தாயி."

அவ்வளவுதான். அப்பாவிடம் கிணறு எத்தனை அடி என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். மோர் புளித்துவிட்டதோ என்று எனக்குப் பயம். உள்ளே போய்க் குடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அன்று இரவு எனக்கு இதே யோசனை. கை அழுக்காக இருந்ததோ? பால் தண்ணீராக இருந்து அதனால் கோபமோ? பயப்படுவதற்கு எனக்கு எப்போதும் பெரிய காரணம் வேண்டியதில்லை.

மறுநாளும் வேண்டாம் என்றார். அதற்கடுத்த நாளும்.

அந்தக் கோடை முழுக்க அவர் எங்கள் கிணற்று மேட்டில்தான் கிடந்தார். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி அளப்பார். குடையைப் பிடித்தபடி, மடியில் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு, ஊற்று எவ்வளவு நேரத்தில் எவ்வளவு ஊறுகிறது என்று பார்ப்பார். கிணற்றுச் சுவரில் உட்கார்ந்திருக்கிற மனுஷன் அந்தக் கிணற்றுத் தண்ணீரை ஒரு கை அள்ளிக் குடிக்கவில்லை. வடக்கே நூறு அடியில் எங்கள் வீடு, தெற்கே நூறு அடியில் பெரியப்பா வீடு. உதடு வெடித்துப்போய் உட்கார்ந்திருப்பார்.

பக்கத்து வீட்டு அத்தைதான் ஆரம்பித்தது. "ஏண்ணே, அங்கிட்டு ஒங்க அண்ணன் வீட்டு வாசல்ல அரை மணி நேரமாப் பேசிக்கிட்டு இருந்தாரே. இந்த வெயில்ல தொண்டைய நனைக்காமயா பேசியிருப்பாரு?"

அப்பா வெற்றிலையைத் துப்பினார்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பேசி முடிக்க வருகிறவர் முதலில் இரண்டு வீட்டிலும் தண்ணீர் வாங்கிக் குடிப்பார். குடித்தால்தான் உங்கள் இரண்டு பேருக்கும் நான் பொது என்று அர்த்தம். ஒரு வீட்டில் வேண்டாம் என்றால், இன்னொரு வீட்டில் குடித்துவிட்டார் என்று அர்த்தம். சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும்.

அப்பாவைவிட அம்மாவுக்குத்தான் தாங்கவில்லை. அவள் கையால் கரைத்த மோர் அது. ஒருநாள் காலையில் நான் தூக்குவாளியை எடுத்தபோது பிடுங்கி வைத்தாள்.

"நம்ம வீட்டு மோரு எறங்கல. பாலு மட்டும் எறங்குதாக்கும்? இனிமே அந்த வீட்டுக்குப் போகாத."

"காசு குடுத்துத்தானம்மா வாங்குறாக?"

"காசு குடுத்தா? காசு குடுத்து யாருகிட்டயும் வாங்கலாம்டி. வாய நனைக்கிறது யாருகிட்டன்னுதான் இருக்கு."

மாசத்தின் பாதியில் பால் நின்றது. இரண்டு நாள் கழித்துப் பியூன் அண்ணன் அதுவரைக்கும் உள்ள கணக்கைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தார். அப்பா கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை.

"தண்ணி குடிக்காத வீட்டுக்குக் காசு எதுக்கு? கொண்டு போப்பா."

"அண்ணே, ஐயா யாரு கணக்கும் நிக்க விடமாட்டாருண்ணே. எனக்கு ஏச்சு விழும்."

"அப்ப இது நிக்கட்டும்னு சொல்லு."

பியூன் அண்ணன் மடித்த காகிதத்தை அங்கிட்டும் இங்கிட்டும் மாற்றிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய்விட்டார்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. என்னை அனுப்பவில்லை. பத்தாவதுக்கு வேண்டிய எல்லாம் வீட்டில் தயாராக இருந்தது. நீலத் தாவணித் துணி எடுத்து ஓரம் அடித்து வைத்திருந்தது. உங்களில் ஒருத்தியின் அக்காவிடம் பாதி விலைக்கு வாங்கிய கணக்குப் புத்தகம் இருந்தது. பத்தாவதுக்குக் கணக்குப் பாடம் ஹெட்மாஸ்டரே எடுப்பார் என்பதால் அந்தப் புத்தகத்துக்கு மட்டும் சிமெண்டு மூட்டைக் காகிதத்தில் அட்டை போட்டிருந்தேன். பத்தாவது முடித்தால் மதுரையில் டீச்சர் ட்ரெய்னிங் சேர்த்துவிடுகிறேன், அதற்கு நான் பொறுப்பு என்று அவர் அப்பாவிடம் சொல்லியிருந்தார். அப்பாவும் அதை டீக்கடையில் சொல்லியிருந்தார்.

"அந்த ஆளு பள்ளிக்கூடத்துக்கு எம்மக போக மாட்டா" என்று இப்போது அதே டீக்கடையில் சொன்னார். வேறு உயர்நிலைப் பள்ளி பஸ் ஏறிப் போகிற தூரத்தில். வயசுப்பிள்ளையைத் தினமும் யார் பஸ்ஸில் அனுப்புவது?

பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம் போல இருக்கும். மத்தியான இடைவேளையில் ஹெட்மாஸ்டர் வந்தார். நான் ஆரம்பத்தில் சொன்னேனே, அந்த நாள் இதுதான்.

"புள்ள ஏன்யா வரல?" என்றார்.

"வீட்ல வேல கெடக்கு" என்றார் அப்பா.

"வேல நமக்கு. அவளுக்குப் பரிட்சை. நல்லாப் படிக்கிற புள்ளைய்யா. எங்கூட அனுப்பு."

அப்பா அம்மாவைப் பார்த்தார். இரண்டு பேரும் முன்பே பேசி வைத்திருந்தார்களா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அம்மா உள்ளே போனாள். லோட்டா நிறைய மோரைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். "குடு" என்றாள்.

"இதக் குடிங்க" என்றார் அப்பா. "குடிச்சுட்டுக் கூட்டிட்டுப் போங்க. இப்பவே கெளம்பிருவா."

எனக்குச் சந்தோஷம் வந்துவிட்டது. இவ்வளவுதானா என்று இருந்தது. நல்ல வெயில். நடந்து வந்த மனுஷன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நான் நெளிவை என் பக்கம் திருப்பி, நல்ல விளிம்பை அவர் பக்கம் நீட்டினேன்.

அவர் லோட்டாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கை கொஞ்சம் முன்னால் வந்தது என்றுதான் நினைக்கிறேன். அத்தை அப்படி இல்லை என்பாள்.

"பைசல் முடியட்டும்யா" என்றார். "முடியாம நான் இங்க குடிக்கக் கூடாது."

"ஏன் கூடாது?"

"கூடாதுன்னா கூடாது."

"அப்ப எங்களுக்குப் பாதகமாத்தான் சொல்லப் போறீக. அதான் எங்க உப்பு ஒங்களுக்குக் கசக்குது."

"நான் என்ன சொல்லப் போறேன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

அப்பா எழுந்து நின்றார். "ஒன்னே ஒன்னு சொல்லுங்க. எங்க அண்ணன் வீட்ல குடிச்சீகளா, இல்லையா?"

ஹெட்மாஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. ஒரு வீட்டுப் பேச்சை இன்னொரு வீட்டில் பேசாதவர் என்று பேர் எடுத்தவர் அவர். அதனால்தான் ஊரே அவரிடம் போனது. மருமகள் சொன்னதை மாமியாரிடம் சொல்ல மாட்டார். அண்ணன் சொன்னதைத் தம்பியிடம் சொல்ல மாட்டார்.

"அந்த வீட்டுப் பேச்சு இங்க எதுக்கு?" என்றார்.

ஒரு "இல்லை" போதும். அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லவில்லை.

"சரி" என்றார் அப்பா. "பதில் சொல்லிட்டீக. போயிட்டு வாங்க."

பியூன் அண்ணன் சைக்கிளைத் திருப்பினார். ஹெட்மாஸ்டர் போகாமல் நின்றார். "நீ சொல்லு தாயி. ஒனக்குப் படிக்கணுமா இல்லையா?" என்று என்னைக் கேட்டார். அப்பா பக்கம் பார்த்தேன், அம்மா பக்கம் பார்த்தேன். லோட்டா சாய்ந்து கையெல்லாம் மோர். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுக் குடையை விரித்தார். "வாரேன்யா" என்று சொல்லவில்லை.

"மோரு சூடேறிப் போச்சு, இன்னும் எதுக்குடி புடிச்சுக்கிட்டு நிக்கிற?" என்றாள் அத்தை. கழனித் தொட்டியில் கொட்டினேன். மாடு குடித்தது.

அவர் தீர்ப்பு சொல்லவே இல்லை. கேட்க ஆள் வந்தால்தானே? அப்பா வக்கீலைப் பார்க்க மதுரைக்குப் போனார். போனால் பெரியப்பா முந்தின வாரமே இன்னொரு வக்கீலைப் பார்த்திருந்தார். அப்பா வந்து, "பாத்தியா, ஜெயிக்கிற ஆளு எதுக்கு வக்கீலப் பாக்குறான்?" என்று அம்மாவிடம் ஆச்சரியமாகக் கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தக் கேள்வியை அவர் இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. கோர்ட் மோட்டாரை நிறுத்தி வைத்தது. கத்தரியும் போனது, கரும்பும் போனது. பிறகு கிணற்றுக்குள் அரச மரம் முளைத்தது. இப்போது அங்கே பிளாட் போட்டிருக்கிறார்கள்.

உங்களில் சிலர் வந்து சொன்னீர்கள், வகுப்பில் வருகை எடுக்கும்போது என் பேரையும் கூப்பிடுகிறார் என்று. கூப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவாராம். ஜன்னல் பக்கம் பார்ப்பாராம். பிறகு அடுத்த பேராம். பரிட்சை வரைக்கும் என் பேரை அடிக்கவில்லை என்றீர்கள். என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னீர்கள். எனக்கு அது பெரிய சித்திரவதையாக இருந்தது. தினமும் காலையில் மாட்டுச் சாணியை அள்ளும்போது, இந்நேரம் கூப்பிட்டிருப்பார், இந்நேரம் ஜன்னலைப் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு மதுரைக்கு வாக்கப்பட்டு வந்தேன். கோரிப்பாளையத்துக்குப் பின்னால் ஒரு வாடகை வீடு. கேஸை மூடினோமா, கதவைப் பூட்டினோமா, பிள்ளை பஸ் ஏறியிருக்குமா என்று கவலைப்பட்டே காலம் போனது. இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்தேன். பள்ளிக்கூடத்தில் யாரிடமும் ஒரு சொல் எதிர்த்துப் பேசியதில்லை. வாத்தியார்கள் வீட்டுக்கு வந்தால், தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவே பயப்படுவேன்.

பெரியப்பா மகன் கல்யாணத்தில்தான் இரண்டு குடும்பமும் திரும்பச் சேர்ந்தது. கேஸ் அலுத்துப் போயிருந்தது. இரண்டு பேருக்கும் தலை நரைத்துவிட்டது. பந்தி முடிந்து, பாக்கு வெற்றிலையோடு எல்லாரும் பந்தலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தோம். ரிட்டயரான பியூன் அண்ணனும் வந்திருந்தார். பேச்சு எப்படியோ அங்கே போனது.

"எச்செம்மு மட்டும் ஒரு பக்கமாச் சாயாம இருந்திருந்தா நம்ம கெணறு தப்பிச்சிருக்கும்" என்றார் பெரியப்பா.

"அதான் நானும் சொல்றேன்" என்றார் அப்பா. "ஒன் வீட்ல காப்பியக் குடிச்சுட்டு எங்க வீட்ல வந்து வேணாம்னாரு."

பெரியம்மா வெற்றிலையை மடிப்பதை நிறுத்தினாள். "எங்க வீட்லயா? எங்க வீட்ல பச்சத்தண்ணி குடிக்கல அந்த மனுஷன். நான் காப்பிய ஆத்தி ஆத்திக் குடுத்து ஆறிப்போயி, நாய்க்கு ஊத்துனேன். ஒங்க வீட்ல மோரக் குடிச்சுட்டு வயித்த நெறச்சுக்கிட்டு வாராருன்னுதான ஒங்க அண்ணன் வக்கீல்கிட்ட ஓடுனாரு?"

அப்பா நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டார்.

"அப்ப அந்த ஆளு எங்கதான்யா தண்ணி குடிச்சாரு?" என்றார் அப்பா. மெதுவாகத்தான் கேட்டார்.

"பள்ளிக்கூடத்துப் பானையிலதாண்ணே" என்றார் பியூன் அண்ணன். "லீவு நாள்ல அவருக்குன்னு நான்தான் ரொப்பி வைப்பேன். கெணத்து மேட்டுல இருந்து அம்புட்டுத் தூரம் நடந்து வந்து குடிச்சுட்டு, மறுபடி நடந்து போவாரு. நான் கேட்டேன், ஏய்யா இப்படின்னு. ஒனக்கு எதுக்குடா, பானைய மூடுன்னுட்டாரு."

"நீ ஏண்டா அப்பவே எங்ககிட்ட சொல்லல?" என்று பெரியப்பா சத்தம் போட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் எங்கிட்ட கேக்கலையேண்ணே."

அப்பா எழுந்து கை கழுவப் போனார். ஏற்கெனவே கழுவிய கையைத்தான் திரும்பக் கழுவினார். ரொம்ப நேரம் வரவில்லை. அதற்குப் பிறகு அவர் சாகிற வரைக்கும் ஹெட்மாஸ்டர் பேச்சை எடுக்கவில்லை. ஒரே ஒரு தடவை, என் மகளுக்கு வேலை கிடைத்த அன்று, "நீயும் போயிருக்க வேண்டியவதான்" என்றார். எங்கே என்று நானும் கேட்கவில்லை.

ஹெட்மாஸ்டர் அப்போது உயிரோடு இருந்தார். ரிட்டயராகிக் கொட்டாம்பட்டிப் பக்கம் சொந்த ஊருக்குப் போயிருந்தார். மதுரையிலிருந்து ஒரு பஸ். நான் போகவில்லை. போய் என்ன சொல்வது? அடையாளம் தெரியாமல் போய்விட்டால்? கோபமாக இருந்தால்? அடுத்த மாசம், தீபாவளி போகட்டும், மழை நிற்கட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். உங்களில் ஒருவர் போன் பண்ணி, சார் போய்விட்டார் என்றீர்கள்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் போனேன். சாரோட வீட்டம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். கண் சரியாகத் தெரியாதவர், குரலை வைத்தே "பால்காரப் புள்ளயா?" என்றார். உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தார். சுவரில் அவர் படம். மாலை வாடியிருந்தது. படத்துக்குக் கீழே ஆணியில் அந்தக் குடை.

எனக்குப் பொறுக்கவில்லை. கேட்டுவிட்டேன். "ஏம்மா ரெண்டு வீட்லயும் குடிக்காம இருந்தாக?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "நடுவுல நிக்கிறவுக எப்படித்தா குடிப்பாக? எங்க பக்கம் வழக்குப் பேசப் போனா முடியிற வரைக்கும் ரெண்டு வீட்லயும் கை நனைக்க மாட்டாக. இவுக அப்பாவும் அப்படித்தான். ஊருக்கே தெரிஞ்சதுதானே?"

"எங்க ஊருக்குத் தெரியாதும்மா" என்றேன்.

அவர் படத்தின் பக்கம் திரும்பினார். "அம்புட்டு வருஷம் அங்க இருந்தாகளே. தெரியாமயா இருந்துச்சு?" என்றார். என்னைக் கேட்டாரா, படத்தைக் கேட்டாரா தெரியாது.

கிணற்றுக்கு என்ன தீர்ப்பு வைத்திருந்தார் என்றும் கேட்டேன். வீட்டில் சொல்கிற வழக்கம் இல்லை என்றார். ஆளுக்கு ஒருநாளா, பெரியப்பாவுக்கு இரண்டு நாளா? யாருக்கும் தெரியாமலே போய்விட்டது. தூக்கம் வராத நாளில் நான் அதைப் போட்டுப் புரட்டிப் பார்ப்பேன். எந்தப் பக்கம் சொல்லியிருந்தாலும் அந்தக் கிணறு இருந்திருக்கும்.

அவரை நல்லவர் என்று மட்டும் நீங்கள் எல்லாரும் எழுதப் போகிறீர்கள். நல்லவர்தான். ஆனால் அன்றைக்கு அந்த மோரைக் குடித்திருக்கலாம். இல்லாவிட்டால் ஒரு "இல்லை" சொல்லியிருக்கலாம். எந்தப் பக்கமும் சாயாமல் அவர் நின்றது சரிதான். நான் அந்த நடுவில்தான் லோட்டாவோடு நின்றேன், அதை அவர் பார்த்தார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அப்பாவும் இன்னொரு நாள் பொறுத்திருக்கலாம். அம்மா லோட்டாவை என் கையில் கொடுக்காமல் இருந்திருக்கலாம். அந்த லோட்டாவையும் பிறகு அம்மா பாத்திரக்காரரிடம் போட்டு எவர்சில்வர் வாங்கிவிட்டாள். யாருக்கும் அதில் கொடுக்க மனசு வரவில்லை என்றாள்.

கிளம்பும்போது சாரோட வீட்டம்மா அடுக்களைக்குப் போய் ஒரு கடுகு டப்பாவைக் கொண்டுவந்தார். உள்ளே மடித்த காகிதம். "இது ஒங்க வீட்டுப் பால் கணக்கு. நிக்குது நிக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாக. வருஷா வருஷம் யாராவது அந்தப் பக்கம் போனாக் குடுத்துவிடுன்னுவாக. அப்புறம், வேணாம், வாங்க மாட்டாகன்னுவாக. நீயாவது வாங்கிட்டுப் போத்தா. அவுக நிம்மதியா இருப்பாக."

கையை நீட்டினேன். நீட்டின கையை மடக்கிக்கொண்டேன். அதை வாங்கிவிட்டால் அந்த வீட்டுக்கும் எனக்கும் இடையில் எதுவும் மிச்சம் இல்லை என்று தோன்றியது. படிப்பு இல்லை, மோர் இல்லை, பால் இல்லை. இந்தக் கணக்கு ஒன்றுதான் நின்றது.

"இருக்கட்டும்மா" என்றேன். "குடிக்கக் கொஞ்சம் மோர் இருந்தாக் குடுங்க."

கொடுத்தார். குடித்தேன். டப்பாவை அவர் திரும்பக் கொண்டுபோய் வைத்தார்.

அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஹெட்மாஸ்டர் எங்கள் வீட்டுக்குத் தர வேண்டியது, இருபத்தொரு ரூபாய் அறுபது காசு.